குற்றமும் தண்டனையும்: அறிய வேண்டிய ஆங்கிலச் சொற்கள்

ஒருவர் கைதான செய்தி வந்ததுமே 'குற்றவாளி' என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிடுகிறோம். ஆங்கிலச் செய்தியில் 'அக்யூஸ்ட்' என்றுதான் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. இச்சொற்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

வழக்கில் உள்ளவர்

சஸ்பெக்ட்: சந்தேகிக்கப்படுபவர்.
அக்யூஸ்ட்: குற்றம் சாட்டப்பட்டவர்.
கன்விக்ட்: குற்றவாளி என நீதிமன்றம் தீர்மானித்தவர்.
பெயில்: ஜாமீன். வெளியே வந்தாலும் வழக்கு முடியவில்லை.
அக்விட்டல்: குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் விடுவிப்பது.

குற்றங்கள்

தெஃப்ட்: திருட்டு.
ராபரி: தாக்கியோ, தாக்குவதாக அச்சுறுத்தியோ பறிப்பது.
டகாய்ட்டி: ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து செய்யும் ராபரி.

ஃபிக்ஹ் சட்டத்திலும் மறைவாகத் திருடும் 'ஸரிகா' வேறு. வழிமறித்துப் பறிக்கும் 'ஹிராபா' வேறு.

தண்டனைகள்

ஃபைன்: அபராதம்.
சிம்பிள் இம்ப்ரிசன்மென்ட்: வெறுங்காவல்.
ரிகரஸ் இம்ப்ரிசன்மென்ட்: கட்டாய உழைப்புடன் கூடிய கடுங்காவல்.
கம்யூனிட்டி சர்வீஸ்: சமூக சேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சில சிறு குற்றங்களுக்கு இதைப் புதிதாகச் சேர்த்துள்ளது.

வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அக்யூஸ்ட் ஒருவரைக் குற்றவாளி என்று நாம் எழுதிவிட்டால், நீதிமன்றம் அவரை விடுவித்த பின்பும் அவர் மகளின் திருமணப் பேச்சு வரை அந்தச் சொல் துரத்தும். அனுப்பும் முன் ஒருமுறை சொல்லைப் பாருங்கள்.

நாவினால் விளையும் பாவங்களிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக!