ஈயச் சுரங்கம் முதல் சொக்சோ வரை: ரவாங் வட்டாரத்திலிருந்து ஓர் இழப்பீட்டு வரலாறு

மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் வந்த ஊர் ரவாங் என்பார்கள். ஆண்டு 1894. கொண்டுவந்தவர்கள் கோலாலம்பூர்த் தமிழர் கே. தம்புசாமிப் பிள்ளையும் சீனச் செல்வர் லோக் யூவும். அந்த மின்சாரத்தின் முதல் வேலை ஈயச் சுரங்கத்தில்தான். மூன்றாண்டு கழித்து, 1897இல், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிரிட்டனில் பிறந்தது. இயந்திரம் ரவாங்குக்கு வந்த வேகத்தில் அந்தச் சட்டம் வரவில்லை.

1897 சட்டத்தின் புதுமையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன், கை போனவர் முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். கூலி வாங்கிப் பிழைப்பவருக்கு அது ஆகிற காரியமா? புதிய சட்டம் ‘யார் தவறு’ என்ற கேள்வியையே ஒதுக்கியது. விபத்து வேலையின் பொருட்டும் வேலையின்போதும் நேர்ந்ததா என்று மட்டுமே கேட்டது. இந்தியா இதை 1923இல் ஏற்றது. இந்த இரட்டை நிபந்தனையைச் சுற்றித்தான் இன்றுவரை வழக்கெல்லாம்.

ரவாங்கை ஒட்டிய பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1915இல் தொடங்கி 1960இல் மூடியது. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். தோட்டங்களுக்கு மருத்துவ வசதியைத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. காயத்துக்குக் கட்டுப்போட டிரெஸ்ஸர் இருந்தார். உழைக்க முடியாமல் போன உடம்புக்கு யார் பொறுப்பு என்பதுதான் தீராத கேள்வி. பால்மரம் வெட்ட முடியாதவருக்குக் கங்காணியின் ஆள்பட்டியலில் இடம் இல்லை; பலருக்கு மிச்சமிருந்தது நாகப்பட்டினத்துக்குத் திரும்பும் கப்பல். 1937இல் பத்து ஆராங் சுரங்கத் தொழிலாளர்களும் 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்களும் நடத்திய வேலைநிறுத்தங்கள் பெரும்பாலும் கூலிப் போராட்டங்களாகவே நினைவுகூரப்படுகின்றன. உடம்பின் விலையும் அந்தக் கூலிக்குள் அடக்கம் என்பது என் வாசிப்பு.

1952இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொறுப்பைத் தனித்தனி முதலாளி மேல் வைத்தது. நிரந்தர முடக்கத்துக்கும் இறப்புக்கும் கொடுப்பது ஒரே தொகை. வாங்கியதோடு கணக்கு முடிந்தது. தொகை கரைந்த பின் குடும்பம் என்ன செய்யும் என்பது அந்தச் சட்டத்தின் கவலை அல்ல.

அந்தக் கவலையை எடுத்துக்கொண்டது 1969இன் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, நம்மவர் நாக்கில் சொக்சோ, 1971 ஜனவரி 1இல் செயல்படத் தொடங்கியது. அப்போது தொழிலாளர் அமைச்சர் கிள்ளானைச் சேர்ந்த வீ. மாணிக்கவாசகம். தொடக்கத்தில் மாதச் சம்பளம் 500 ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கே திட்டம். உச்சவரம்பு படிப்படியாக உயர்ந்து, 2024 அக்டோபரில் 6,000 ரிங்கிட் ஆனது. முதலாளியின் பணப்பையை நம்பாமல் பொது நிதியை நம்பலாம் என்பது பெரிய மாற்றம். தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. நிரந்தரமாக முழுதும் முடங்கியவருக்கு 90 விழுக்காடு, வாழ்நாள் முழுதும். இறந்தால் சார்ந்தோருக்கு மாதந்தோறும்.

இந்தக் காப்புக்கு ஒரு விலை உண்டு. 1969 சட்டத்தின் 31ஆம் பிரிவு, காப்பில் உள்ள தொழிலாளி அதே காயத்துக்கு முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. முதலாளியின் அலட்சியம் எவ்வளவு அப்பட்டமாக இருந்தாலும் தடை தடைதான். இது தொழிலாளிக்கு முழு லாபமான பேரம் அல்ல.

24ஆம் பிரிவு வேலையைச் சாலைக்கும் நீட்டியது. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும், சாப்பாட்டு இடைவேளையில் உண்ணும் இடத்துக்கும் போகும் பயணத்தில் நேரும் விபத்து பணி விபத்தே. விடியுமுன் ரவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் கோலாலம்பூருக்குப் போகிறவருக்கு இதைவிட முக்கியமான பிரிவு வேறில்லை. ஆனால் இடையில் பயணத்தை நிறுத்தினாலோ வழி விலகினாலோ அந்தக் காப்பு அறுந்துவிடும்.

விபத்துக்கு நாளும் நேரமும் உண்டு, நோய்க்கு இல்லை. தொழில்சார் நோய்களைச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை பட்டியலிடுகிறது. ஆனாலும் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்த தமிழ்ப் பெண்களின் தோல் எரிச்சலும் நகச் சிதைவும் பல ஆண்டுகள் வெறும் ‘உடம்பு சரியில்லை’யாகவே கழிந்தன. தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகனித்தா 2002இல் இதை ஆய்வாக வெளியிட்டது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியாவில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். பட்டியலில் நோய் இருந்தால் போதாது. அதை வேலையோடு இணைத்து எழுதித் தரும் மருத்துவரும் வேண்டும்.

இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி 1993இல் தொடங்குகிறது. அந்த ஏப்ரல் 1 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் சொக்சோவிலிருந்து விலக்கப்பட்டு, பழைய 1952 சட்டத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். நிரந்தரமாக முழுதும் முடங்கினால் அதிகபட்சம் 23,000 ரிங்கிட், அத்தோடு சரி. மாதம் 1,000 ரிங்கிட் சம்பளக்காரர் சொக்சோவில் இருந்திருந்தால் மாதம் சுமார் 900 ரிங்கிட் பெற்றிருப்பார்; 26ஆவது மாதத்திலேயே அந்தத் தொகையைத் தாண்டியிருப்பார். விபத்து இழப்பீட்டில் உள்நாட்டவரையும் அயலவரையும் சமமாக நடத்தச் சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1925ஆம் ஆண்டு 19ஆம் உடன்படிக்கையைத் தீபகற்ப மலேசியா 1957இலேயே ஏற்றிருந்தது. அந்த அமைப்பின் நிபுணர் குழு இதை ஆண்டாண்டாகச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு காலத்தில் இந்த நாட்டின் ‘அயல் கூலி’ என்றால் அது தமிழன்தான். அவன் பேரப்பிள்ளைகள் சொக்சோ சந்தாதாரர்கள் ஆன காலத்தில், அவன் இடத்துக்கு வந்த வங்கதேசத்தாரும் நேப்பாளியும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் கோட்டுக்கு வெளியே நின்றார்கள்.

கோடு அழிய கால் நூற்றாண்டு ஆனது. எம். குலசேகரன் மனிதவள அமைச்சராக இருந்தபோது, 2019 ஜனவரி 1 முதல் அயல்நாட்டவர் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். அப்போது அதற்கு முதலாளி கட்டியது சம்பளத்தில் 1.25 விழுக்காடு. வீட்டு வேலையாட்கள் 2021 ஜூனில் சேர்க்கப்பட்டனர்; அயல்நாட்டவருக்கான உடற்குறை ஓய்வூதியம் 2024 ஜூலையில் வந்தது. 1993க்கும் 2019க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கே கை இழந்து ஊர் திரும்பியவருக்குக் கிடைத்தது அந்த ஒரே தொகைதான்.