எல்லை கண்ட சந்திரசேகர்

புதிய உண்மையொன்றைக் கண்டறிதல் அரிது. அறிவுலகம் அதனை ஏற்கும்வரை உளங்கசவாது காத்திருத்தல் அதனினும் அரிது. இவ்விரண்டும் வாய்க்கப்பெற்றவர் வானியற் பௌதிகப் பேராசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

தமிழ்க் குடும்பமொன்றைச் சேர்ந்த அவர், தந்தையார் புகையிரதக் கணக்குப் பகுதியிற் கடமையாற்றிய லாகூரில் 1910 ஆம் ஆண்டு பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்று, 1930 இல், தம் 19 ஆம் வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணத்தின்போதே ஒரு கணக்கை ஆராயத் தொடங்கினார். சூரியனைப் போன்றதொரு விண்மீன் தன் எரிபொருள் தீர்ந்தபின் சுருங்கி வெண்குறளியாகும். நெருக்குண்ட இலத்திரன்களின் அமுக்கமே அதனை மேலுஞ் சுருங்கவிடாது தாங்குகின்றது. அவ்விலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகுமிடத்துச் சார்புக் கொள்கையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு சேர்த்தபோது, வெண்குறளியின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டென்பது புலனாயிற்று. அவ்வெல்லை சூரியனது திணிவின் ஏறத்தாழ 1.4 மடங்காகும். அதனை விஞ்சியது வெண்குறளியாய் நிலைபெற மாட்டாது. அங்ஙனமாயின் அதன் கதி யாது?

1935 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் நாள், இலண்டன் அரச வானியற் கழகத்தில் அவர் தம் முடிபுகளை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்தவர், 1919 ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தேடித் தந்த சேர் ஆதர் எடிங்டன். விண்மீனொன்று அவ்வாறு ஓயாது சுருங்குதலைத் தடுக்க இயற்கை விதியொன்று இருத்தல் வேண்டுமெனக் கூறி, அவர் அம்முடிபை எள்ளினார். அவையோர் நகைத்தனர். நீல்ஸ் போர், பவுலி முதலிய பௌதிக அறிஞர் இளைஞர் பக்கமே நியாயம் உண்டெனத் தனிமையிற் கூறினரேனும், வெளிப்பட உரைக்க முன்வந்திலர்.

சந்திரசேகர் வாதத்தை நீட்டித்திலர். 1937 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தை அடைந்து, விண்மீன்களின் அமைப்புப் பற்றிய தம் ஆய்வை 1939 இல் நூலாக்கியபின் வேறு துறை புகுந்தார். ஒரு துறையைப் பல்லாண்டு துருவி ஆராய்ந்து, அதனை முற்றுற நூலாக எழுதி, பின் புதியதொன்றைத் தொடங்குதலே அவர்தம் நெறியாயிற்று. 1952 முதல் 1971 வரை வானியற் பௌதிகச் சஞ்சிகையின் ஆசிரியராகவும் உழைத்தார். யேர்க்ஸ் வான்நோக்கு நிலையத்திலிருந்து நெடுந்தூரம் மோட்டார் வண்டியிற் சென்று அவர் கற்பித்த வகுப்பொன்றில் மாணவர் இருவரே இருந்தனர். லீ, யாங் என்னும் அவ்விருவரும் 1957 இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கோ அப்பரிசு 1983 இலேயே கிடைத்தது.

எடிங்டன்மீது அவர் பகை பாராட்டவில்லை. 1944 இல் எடிங்டன் மறைந்தபோது புகழஞ்சலி செலுத்தினார். 1982 இல் அவரது நூற்றாண்டு நினைவாகக் கேம்பிறிட்ஜிற் பேருரைகளும் ஆற்றினார். இப்பொறுமையால் அறிவியல் இழப்புற்றதன்றோ எனச் சிலர் வினவலாம். இழப்பு உண்மையே. நியூத்திரன் விண்மீன், கருந்துளை ஆகியவை பற்றிய ஆராய்ச்சி தழைக்கப் பல்லாண்டு சென்றது. ஆயினும், அக்குறை தம் கணக்கைத் தெளிவுற எழுதிவைத்த இளைஞரைச் சாராது. உண்மையை அறிந்தும் வாய்திறவாத மூத்தோரையே சாரும்.

சந்திரசேகர் 1995 இல் மறைந்தார். 1999 இல் விண்ணில் ஏவப்பட்ட ஊடுகதிர் வானோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அன்று அவையோர் நகைத்த அவ்வெல்லையோ இன்று பாடநூல்களிற் சந்திரசேகர் எல்லை என்றே வழங்குகின்றது.