'மூர்' என்றொரு சொல்

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டு அறிக்கை ஆங்கிலத்தில் நம்மை 'ஸ்ரீலங்கா மூர்' என்றும், தமிழில் 'இலங்கைச் சோனகர்' என்றும் குறிக்கின்றது. ஒன்றின் மொழிபெயர்ப்பே மற்றையது என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இவை இரண்டும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து பிறந்த சொற்கள்.

வடமேற்கு ஆபிரிக்காவில் வாழ்ந்தோரை உரோமர் 'மவுரி' என்றனர். 711இல் தாரிக் பின் ஸியாத்தின் தலைமையில் ஸ்பெயினுக்குட் புகுந்த படையினரிற் பெரும்பாலோர் அப்பகுதி பெர்பர்களே. அதன் பின்னர் ஐபீரியக் கிறிஸ்தவர் நாவில் அச்சொல் முஸ்லிம் என்ற பொருளைப் பெற்றது. பகைமையும் அதனோடு சேர்ந்துகொண்டது. 1505இல் இங்கு வந்த போர்த்துக்கேயர், நம் கரையோர வணிகரைக் கண்டதும் அதே பெயரால் அழைத்தனர். மொரோக்கோவைக் கண்டிராத மக்களுக்கு மொரோக்கோவின் பெயர் வாய்த்தது இவ்வாறுதான். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனையே தொடர்ந்தனர்.

'சோனகர்' என்பதோ 'யவனர்' என்பதன் திரிபு என்பர். அதன் வேர் அயோனியக் கிரேக்கரிடம் போய் முடிகின்றது. ஆக, இரு சொற்களுமே தொடக்கத்தில் முஸ்லிம்களைக் குறித்தவை அல்ல.

எனினும், இப்பெயரைச் சுற்றி எழுந்த விவாதம் வெறும் சொல்லாராய்ச்சியன்று. சட்டநிரூபண சபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதியாக விளங்கிய பொன்னம்பலம் இராமநாதன், மொழியையும் வழக்காறுகளையும் சான்றுகாட்டி, சோனகர் இனத்தால் தமிழரே என 1888இல் வாதிட்டார். மறு ஆண்டே முஸ்லிம்களுக்கெனத் தனியானதொரு நியமன அங்கத்துவம் வழங்கப்பட்டது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அரபு வம்சாவளியை வலியுறுத்தி இராமநாதனுக்கு மறுப்பு எழுதினார். ஒரு சொல்லின் பொருளை நிர்ணயிப்பவர் யார் என்பதில் ஒரு சமூகத்தின் அரசியல் இருப்பே தங்கியிருந்தது.

பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஸ்பானியர் இகழ்ச்சியாகச் சூட்டிய 'மோரோ' என்ற பெயரை, 1970களில் அவர்களது விடுதலை இயக்கம் தனதாக்கிக்கொண்டது. 2019இல் அமைந்த பங்சமோரோ தன்னாட்சிப் பிரதேசம் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது.

நம்மைப் பொறுத்தவரை, தமிழில் எழுதுவதால் நமது தனித்துவம் குன்றிவிடும் என்றோ, தனித்துவம் பேசுவதால் தமிழ் நமக்கு அந்நியமாகிவிடும் என்றோ நான் கருதவில்லை. இராமநாதனும் அஸீஸும் நம் மூதாதையரைத் தேடினர். இம்மண்ணில் பல நூற்றாண்டுகளாக நாம் வாழ்ந்த வாழ்வை எழுதிவைக்கும் பொறுப்பு நம்முடையது.