மொழிநூற் புலவர் டோல்கீன்

கதை எழுதுவோர் முதலில் கதையைப் புனைந்து, பின்னர் அதில் வரும் மாந்தர்க்கும் ஊர்களுக்கும் பெயர் சூட்டுவதே வழக்கம். இம்முறையைத் தலைகீழாக்கியவர் ஆங்கில நாட்டுப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். அவர் முதலில் மொழிகளைப் படைத்தார். அவற்றைப் பேசுவதற்கு மக்களும், அம்மக்கள் வாழ ஓர் உலகமும், அவ்வுலகிற்கு ஒரு வரலாறும் பின்னரே தோன்றின. அவருடைய நூல்களை மாயாஜாலக் கதைகள் என்று மட்டும் கருதிப் படிப்போர் இவ்வுண்மையைக் காணத் தவறிவிடுகின்றனர்.

இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள புளூம்ஃபாண்டீன் நகரில் 1892ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அங்கு வங்கி மேலாளராக இருந்தார். 1895இல் தாய் மேபல் தம் மைந்தர் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். மறு ஆண்டே தந்தை ஆப்பிரிக்காவில் காலமானார். பர்மிங்காமை அடுத்த ஒரு சிற்றூரில் சிக்கனமாக வாழ்ந்த அன்னை, பிள்ளைக்கு இலத்தீன் மொழியைத் தாமே கற்பித்தார். 1904இல் அவரும் மறைந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் சொல்லின்மீது கொண்ட காதல் எனலாம். முன்பு அவர்கள் குடியிருந்த வீடொன்றின் பின்புறம் இருப்புப் பாதை ஓடிற்று. அவ்வழியே சென்ற நிலக்கரி வண்டிகளில் எழுதப்பட்டிருந்த வேல்ஸ் நாட்டுப் பெயர்கள் அச்சிறுவனின் மனத்தைக் கவர்ந்தன.

பள்ளிப் பருவத்திலேயே, வழக்கொழிந்த கோத்திக் மொழியின் இலக்கண நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. அம்மொழியில் எஞ்சியுள்ள சொற்கள் மிகச் சில. மறைந்துபோனவை எவ்வாறு இருந்திருக்கும் என்று ஊகித்து, அவற்றைத் தாமே ஆக்கத் தொடங்கினார். ஆக்ஸ்போர்டில் பயின்றபோது ஃபின்னிஷ் இலக்கணம் அறிமுகமாயிற்று. பிற்காலத்தில் அவர் படைத்த குவென்யா மொழிக்கு ஃபின்னிஷ் ஒலிகளும், சிந்தாரின் மொழிக்கு வேல்ஸ் ஒலிகளும் அடிப்படையாயின. அதே நாட்களில் பழைய ஆங்கிலச் சமயப் பாடல் ஒன்றில் 'எயாரெண்டெல்' என்னும் அரிய சொல்லைக் கண்டார். அது ஒரு விண்மீனின் பெயர்போலும் என்று கருதி, வானில் கலம் செலுத்தும் மாலுமி ஒருவனுக்கு அப்பெயரைச் சூட்டி 1914இல் ஒரு கவிதை இயற்றினார். பின்னர் வளர்ந்த பெருங்கதைக்கு வித்து அதுவே.

இடையில் போர் வந்தது. 1916 மார்ச்சில் ஈடித் பிராட்டை மணந்தவர், சில மாதங்களில் பிரான்சின் சோம் போர்முனையில் செய்தித்தொடர்பு அதிகாரியாக நின்றார். காய்ச்சலுற்று நவம்பரில் தாயகம் திரும்பினார். பள்ளிக்காலம் முதல் உடன் வளர்ந்த நெருங்கிய நண்பர் மூவருள் இருவர் அவ்வாண்டிலேயே உயிரிழந்தனர். நோயுற்றிருந்த அந்நாட்களில்தான், பகைவரால் அழியும் கோந்தோலின் என்னும் நகரின் கதையை அவர் எழுதினார்.

போருக்குப் பின் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிப் பணியில் அமர்ந்து, 'டபிள்யூ' என்னும் எழுத்தில் தொடங்கும் சொற்களின் வேர்களை ஆராய்ந்தார். பின்னர் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும், 1925 முதல் 1959 வரை ஆக்ஸ்போர்டிலும் பேராசிரியர். வரலாற்றுச் சான்றுகளைத் தேடும் சுரங்கமாகவே அறிஞர் பலர் கருதிவந்த 'பேயோவுல்ஃப்' என்னும் பழங்காப்பியத்தைக் கவிதையாகப் படிக்க வேண்டும் என்று 1936இல் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு, அக்காப்பிய ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியது.

புலமை எவ்வாறு கதையாயிற்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பழைய ஆங்கிலத்தில் 'எண்ட்' என்றால் பூதம். உரோமானியர் விட்டுச்சென்ற கற்கட்டடங்களைக் கண்டு வியந்த அக்காலப் புலவர், அவை பூதங்களின் கைவினை என்று பாடினர். அவ்வொரு சொல்லைப் பற்றிக்கொண்டே, காடுகளைக் காத்துத் திரியும் மரவடிவப் பூதங்களை டோல்கீன் படைத்துவிட்டார்.

எஸ்பெராந்தோ போன்ற ஆக்க மொழிகள் உயிர்பெறாமைக்குக் காரணம், அவற்றுக்கெனப் பழங்கதைகள் இல்லாமையே என்பது அவர் கொள்கை. அயல் மாநிலங்களில் வாழ்ந்து, பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பித்தால் போதுமா, கதைகளையும் சொல்ல வேண்டுமா என்று எண்ணும் நம்மனோர்க்கு இது சிந்திக்கத்தக்கது.

தேர்வுத்தாள் திருத்துகையில் வெறுமையாக விடப்பட்டிருந்த ஒரு பக்கத்தில், 'ஹாபிட்' என்னும் புதுச்சொல் அமைந்த வாக்கியம் ஒன்றைக் கிறுக்கினார். ஹாபிட் யார் என்று அறிய முற்பட்டதன் விளைவே 1937இல் வெளிவந்த நூல். அதன் தொடர்ச்சியாகிய 'மோதிரங்களின் தலைவன்' 1954, 55இல் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. குள்ளரைக் குறிக்கும் சொல்லின் பன்மையை அவர் 'ட்வார்வ்ஸ்' என்று எழுத, அச்சகத்தார் அகராதியை நம்பி 'ட்வார்ஃப்ஸ்' என்று திருத்தினர். அகராதி செய்தவர்க்கே அகராதி காட்டியவாறு! தாம் எழுதியவாறே அச்சிட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். பி.பி.சி. அந்நூலை வானொலி நாடகமாக்கியதும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. வானொலியில் பேசுவோர் இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

1973 செப்டம்பர் 2ஆம் நாள் டோல்கீன் காலமானார். வாழ்நாளெல்லாம் எழுதியும் முடிக்காத 'சில்மரில்லியன்' நூலை அவர் மைந்தர் கிறிஸ்தோபர் 1977இல் பதிப்பித்தார். எஞ்சிய கையெழுத்துப் படிகளையும் 1983 முதல் 1996 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் ஐந்தாம் தொகுதியில், கதைகளோடு அக்கற்பனை மொழிகளின் வேர்ச்சொல் அகராதி ஒன்றும் அச்சாகியுள்ளது.