குரு கொடுத்த பார்வை

கோலாலம்பூரில் புடு, செராஸ் பக்கம் போகிறவர்கள் அடிக்கடி கடக்கும் சாலை ஜாலான் லோக் இயூ. ஈயச் சுரங்கத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய லோக் இயூவின் பெயர் அது. அவருடைய மகன் லோக் வான் தோவைக் கேத்தே திரைப்பட நிறுவனத்தின் அதிபராக மூத்த தலைமுறையினர் அறிவார்கள். ஆனால், அவர் உலகம் மதித்த பறவைப் புகைப்படக் கலைஞர் என்பதும், அந்தக் கலைக்குப் பின்னால் ஓர் இந்தியக் குரு இருந்தார் என்பதும் பலர் அறியாத செய்தி.

1915ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பிறந்த லோக் வான் தோ, விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியிலும் பின்னர் சுவிட்சர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூரை நெருங்கியபோது கப்பலேறித் தப்பினார். பாங்கா நீரிணையில் அந்தக் கப்பல் குண்டுவீச்சுக்கு இலக்கானது. உடலெங்கும் தீக்காயம், கண் பார்வையும் சில காலம் போயிற்று. சிகிச்சைக்குப் பிறகு இந்தியா போய்ச் சேர்ந்தார். அங்கேதான் பறவையியல் அறிஞர் சலீம் அலியைச் சந்தித்தார்.

சலீம் அலி லோக்கை விட ஏறக்குறைய 19 வயது மூத்தவர். கையில் காசு இல்லாதவர். பட்டம் இல்லை என்பதால் அரசுப் பறவையியலாளர் வேலை கிடைக்காமல் போனவர். பயணச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும், சம்பளம் வேண்டாம் என்று சொல்லி, சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியவர். அப்படிப்பட்டவரிடம் கொடுப்பதற்கு என்ன இருந்தது? அறிவும் நேரமும் இருந்தன. இரண்டையும் அவர் ஒளித்து வைக்கவில்லை.

அந்தக் குணம் அவருக்கும் இன்னொருவரிடமிருந்து வந்ததுதான். சிறுவனாக இருந்தபோது, தான் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அது என்ன பறவை என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அதன் செயலாளர் மில்லார்ட் என்ற ஆங்கிலேயர், சிறுவன்தானே என்று விரட்டவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து காட்டினார்; படிக்கப் புத்தகமும் கொடுத்தார். ஒரு மேதை உருவானது அந்த வாசலில்தான்.

அதே வாசலைச் சலீம் அலி லோக் வான் தோவுக்குத் திறந்தார். தம்முடைய களப்பயணங்களில் அவரைச் சேர்த்துக் கொண்டார். பறவைப் படம் எடுக்க நல்ல கேமரா மட்டும் போதாது. எந்தப் பறவை எங்கே கூடு கட்டும், எப்போது இரை கொண்டு வரும், எவ்வளவு நெருங்கினால் கூட்டைக் கைவிட்டுப் போய்விடும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மறைவிடத்தில் மணிக்கணக்காக அசையாமல் காத்திருக்க வேண்டும். பணத்தால் வாங்கக்கூடிய கேமரா லோக்கிடம் இருந்தது. பணத்தால் வாங்க முடியாததைச் சலீம் அலி கொடுத்தார். 1957இல் லண்டனில் வெளியான 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' என்ற லோக்கின் நூல் அந்த உழைப்பின் கனி.

சீடரும் நன்றி மறக்கவில்லை. சலீம் அலியின் ஆய்வுகளுக்கும் பயணங்களுக்கும் தாராளமாகப் பொருளுதவி செய்தார். 1964 ஜூன் 20ஆம் நாள், தைவானில் நடந்த விமான விபத்தில் லோக் தமது 49ஆவது வயதில் மாண்டார். ஆனாலும் பம்பாய்க் கழகத்தின் பறவையியல் ஆய்வு நிதி ஒன்று குரு, சீடர் இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கியது.

இன்று கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்சிலிருந்தும் விடியற்காலையில் கேமராவோடு கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் புறப்படும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. கூடு எங்கே என்று கேட்கும் புதியவரிடம், அதை எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கும் மூத்தவர் அவர்களுக்குத் தேவை. மில்லார்ட் திறந்த இழுப்பறை ஒரு சிறுவனோடு நின்றுவிடவில்லை. கோலாலம்பூரில் பிறந்த ஒருவரின் கேமரா வரைக்கும் அது வந்து சேர்ந்தது.