அக்கரை முயல்

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற எங்கள் கடற்கரைக்கு அக்கரையிலிருந்து வந்து சேர்ந்த சரக்குகள் அநேகம். தோணியில் வந்தவை உண்டு. கள்ளத் தோணியில் வந்தவையும் உண்டு. சுங்கக் கணக்கில் ஒரு நாளும் ஏறாத ஒரு சரக்கைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அது சிரிப்பு. ஹாலிவுட்டில் உற்பத்தியாகி, கொழும்பில் சிங்களம் பேசக் கற்றுக்கொண்டு, ஆகாய மார்க்கமாகச் சாகுபுரத்தில் வந்து இறங்கிய சிரிப்பு.

சாகுபுரத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்செந்தூருக்கு வடக்கே, ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்தில், உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் தொழிற்சாலை ஒன்று 1950-களின் கடைசியில் எழுந்தது. அதை ஒட்டி அமைந்த குடியிருப்பே சாகுபுரம். என் பிள்ளைப் பிராயம் அங்கேதான் கழிந்தது.

1975 ஆகஸ்டு 15-ல் சென்னையில் டெலிவிஷன் நிலையம் வந்தது. எங்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டெலிவிஷன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும் சுபாவமுடையது. பூமியின் வளைவுக்குக் கீழே இறங்கி வந்து, 'சௌக்கியமா?' என்று 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களை விசாரிக்காது. ஆனால் 1982 பிப்ரவரி 15-ல், ஜப்பானின் உதவியோடு, இலங்கையில் ரூபவாஹினி பிறந்தது. அதன் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கும் பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரமுள்ள மலை. இலங்கையிலேயே அதுதான் உயர்ந்தது. எங்களுக்கும் அந்தத் தீவுக்கும் நடுவே மறைப்பதற்கு ஒரு குன்று கூடக் கிடையாது, கடல்தான். கடலின் மேல் ஈரக் காற்றும் அதற்கு மேல் வெதுவெதுப்பான உலர்ந்த காற்றும் அடுக்காகப் படியும்போது, அலைகள் அந்த அடுக்குக்குள் அகப்பட்டு, குழாய்த் தண்ணீர் போல வெகு தூரம் ஓடிவிடும். காற்று கலைந்தால் படமும் கலையும். ஆகையால் கடலோர ஊர்களில் வீட்டுக்கு வீடு நீளக் குழாய்களில் ஆன்டெனாக்கள் தென்கிழக்கு நோக்கித் தவம் செய்தன.

எங்கள் ஜனங்களுக்கு இது புதுப் பழக்கமும் அல்ல. 1952-ல் மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை என்று ஆக்கியபோது, காதுகள் எல்லாம் இலங்கைக்குக் கப்பலேறிவிட்டன. மயில்வாகனனின் குரலும், பாட்டுக்கு நடுவே வரும் விளம்பரங்களும் வீட்டு மனிதர்களாகிவிட்டன. நம்முடைய விவித பாரதி விளம்பரத்துக்கு இடம் கொடுத்ததே 1967-ல்தான். காது போன வழியில் முப்பது வருஷம் கழித்துக் கண்ணும் போயிற்று.

நாங்கள் பார்த்தது என்ன? 1940-ல் வார்னர் சகோதரர்களின் கம்பெனியில் உருவெடுத்த பக்ஸ் பன்னி என்ற முயல், 'ஹா ஹா ஹரி ஹாவா' என்ற பெயரில் சிங்களம் பேசிற்று. மிருகங்களோடு பேசும் டாக்டர் டூலிட்டில், 'தொஸ்தர ஹொந்தஹித' ஆனார். நல்ல மனசுள்ள டாக்டர் என்று அர்த்தம். இந்த ரசவாதத்தைச் செய்தவர் டைட்டஸ் தொடவத்த. 1956-ல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த 'ரேகாவ'வுக்கு எடிட்டராக இருந்தவர். வசனத்தை மொழிபெயர்த்ததோடு நில்லாமல், அமெரிக்க முயலைச் சிங்களக் கிராமத்துப் போக்கிரியாகவே அவர் மாற்றிவிட்டார் என்று அறிந்தவர்கள் சொல்வார்கள்.

எங்களுக்கோ சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது. சிரிப்புக்குப் பாஷை எதற்கு என்பது எங்கள் அபிப்பிராயம். அதற்குத் தமிழ் நாட்டிலேயே அத்தாட்சி இருந்தது. 1935-ல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் அறியாமலே 1936-ல் 'சதி லீலாவதி'யை எடுத்தார். நாகர்கோவில் என். எஸ். கிருஷ்ணனும், எங்கள் திருநெல்வேலிச் சீமை டி. எஸ். பாலையாவும் அதில் நடித்தார்கள். 1950-ல் 'மந்திரி குமாரி' வரைக்கும் அவருடைய தமிழ்ப் படங்கள் ஓடின. பாஷை தெரியாதவர் படம் எடுக்கலாமென்றால், பாஷை தெரியாதவர்கள் பார்த்துச் சிரிக்கக் கூடாதா?

கூடாது என்று சொல்ல எங்கள் தெருவில் ஒருவருக்கு நியாயம் இருந்தது. கொழும்பில் கடை வைத்திருந்து, 1983 ஜூலைக் கலவரத்தில் அதைப் பறிகொடுத்துக் கட்டிய வேட்டியோடு திரும்பிய பெரியவர் அவர். ராமேசுவரத்தில் அகதிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தீவின் அரசாங்கப் பெட்டியைப் பார்த்து நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். தெருவிலேயே சிங்களம் தெரிந்த ஒரே மனிதரும் அவர்தான்.

1986 வாக்கில், எனக்கு ஏழு வயசு இருக்கும்போது, என்ன காரியமாகவோ அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியில் முயல் ஓடிக்கொண்டிருந்தது.

"அது என்ன சொல்லுது, தாத்தா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை முறைத்தாள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேட்டைக்காரன்கிட்டயே, முயல் எந்தப் பக்கம் போச்சுன்னு கேக்குதுலே" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தும்விட்டார். அதன் பின் ஒரு விசித்திரத்தைக் கண்டோம். வேட்டைக்காரன் விழுந்த பிறகு நாங்கள் சிரித்தோம். அவர் எங்களுக்கு ஒரு வினாடி முன்பே சிரித்தார். சொல் அவருக்குப் புரிந்தது. சிங்களச் செய்தி ஆரம்பமானதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

1980-களின் பிற்பாதியில் கொடைக்கானல் மலையில் டெலிவிஷன் கோபுரம் வந்தது. ஆன்டெனாக்கள் வடக்கே திரும்பின. சர்ஃப் விளம்பரத்து லலிதாஜி சிக்கனம் போதிக்க வந்தாள். லிரில் சோப்புப் பெண் அருவியில் குளித்தாள். அந்த அருவியும் கொடைக்கானல் பாம்பாறுதான் என்பது ஒரு வேடிக்கை. இன்று இவை எல்லாவற்றையும் கைபேசியில் நினைத்தபோது பார்க்கிறேன், ரசிக்கிறேன்.

சிரிப்புக்குப் பாஷை வேண்டாம் என்பது பாதி உண்மை. தன் கடை எரிந்த ஊரின் பாஷையை அந்தப் பெரியவர் வெறுத்திருந்தால் யார் அவரைக் குறை சொல்ல முடியும்? அவரோ ஒரு முயலுக்காக அதை மறுபடியும் காதில் வாங்கினார். பாஷை தெரியாமல் நாங்கள் சிரித்தது சுலபம். தெரிந்து அவர் சிரித்தாரே, அதுதான் பெரிது.