திரையில் ஆவணப்படக்காரர்

பிறர் வாழ்வைப் படத்தில் பதிந்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஆவணப்படக்காரர், தாமே ஒரு படத்தில் பாத்திரமாகவோ இன்னொருவர் எடுக்கும் படத்துக்குப் பொருளாகவோ அமைவது, திரைப்படச் சரித்திரத்தில் தனித்துக் காணத்தக்க ஒரு மரபாகும். மேல்நாட்டில் இது முந்தியே தோன்றிவிட்டது. சோவியத் நாட்டில் 1929இல் சீகா வெர்தோவ் வெளியிட்ட ஊமைப்படத்தில், கேமராவைத் தோளில் சுமந்து நகரமெங்கும் திரியும் படப்பிடிப்பாளனே கதாநாயகன். அவனாகத் தோன்றியவர் வெர்தோவின் தம்பி மிகைல் காஃப்மன். 1933இல் வந்த 'கிங் காங்' படத்திலோ, காணாத தீவுக்குக் கப்பலேறிச் செல்லும் கார்ல் டென்ஹாம் என்னும் படக்காரன் வருகிறான். அப்படத்தை எடுத்த கூப்பர், ஷோட்சாக் இருவரும் முன்னதாக 'கிராஸ்' (1925), 'சாங்' (1927) என்ற பெயர்பெற்ற ஆவணப்படங்களை எடுத்தவர்களாதலால், டென்ஹாமின் அவசரத்திலும் ஆவேசத்திலும் அவர்களுடைய சொந்த அனுபவத்தின் சாயலே தெரிகிறது.

தமிழகத்தில் ஆவணப்படக்காரர் திரைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுத்தில் வந்துவிட்டார். அவரை அவ்வாறு கொண்டுவந்தவர் ஏ. கே. செட்டியார் (1911–1983). செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்து, டோக்கியோவிலும் பின்னர் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்று, 'உலகம் சுற்றும் தமிழன்' என்று மக்கள் அன்போடு அழைக்கும்படி வாழ்ந்த அப்பெரியார், 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, அதாவது காந்தியடிகளின் பிறந்தநாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில், மகாத்மாவைப் பற்றி ஒரு முழுநீளப் படம் எடுக்க வேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 26கூட நிறையவில்லை.

அவர் செய்யத் துணிந்த காரியத்தின் தன்மையைச் சற்று விளக்குதல் தகும். புதிதாகப் படம் பிடிப்பது அதில் ஒரு பகுதியே. முப்பது ஆண்டுகளாக ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் உலகின் பல மூலைகளில் எடுத்துப் போட்டிருந்த துண்டுப் படங்களைத் தேடிச் சேர்ப்பதே பெரும்பகுதி. ஒரு லட்சம் மைல் பிரயாணம் செய்து அவர் திரட்டிய பிலிம் சுமார் 50,000 அடி. 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்ற கணக்கில் பார்த்தால், அது ஒன்பது மணி நேரத்துக்கும் அதிகமான படம். அதனைச் சலித்து 12,000 அடியாகச் சுருக்கியபோதுதான் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு சித்திரம் உருவாயிற்று. அக்காலத்துப் பிலிம் நைட்ரேட்டால் ஆனது. ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், பற்றிய பின் தண்ணீருக்கும் அடங்காது. அத்தகைய சரக்கைத் தகரப் பெட்டிகளில் அடைத்துக் கடல்கள் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்த இளைஞரின் நெஞ்சுரத்தை என்னவென்று சொல்வது!

பாரிஸில் பயின்று வந்த டாக்டர் பி. வி. பதி படப்பிடிப்பில் துணைநின்றார், டி. கே. பட்டம்மாள் பாடினார். 1940 ஆகஸ்டில் தமிழ் வடிவம் வெளியாயிற்று. பின்னர் 1947இல் ஹிந்தி வடிவமும் 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் வந்தன.

இத்தனையும் செய்து முடித்தவர் தம்மைப் பற்றிப் பேசக் கூசுபவர். 1943 முதல் தாம் நடத்திவந்த 'குமரி மலர்' இதழில், இந்தப் படம் பிறந்த கதையை அவர் எழுதினார். எழுதும்போதும் தம்மைப் பின்னுக்குத் தள்ளி, உதவியவர்களையும் கண்ட ஊர்களையுமே முன்னே நிறுத்தினார். அவ்வெழுத்துகள் 2003இல் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாகத் தொகுக்கப்பட்டன. ஆவணப்படக்காரர் ஒருவர் எப்படிப்பட்டவர், எவரெவர் வாசலில் காத்து நிற்பவர், எதற்காக இரவுத் தூக்கத்தை இழப்பவர் என்பதைத் தமிழில் முதன்முதலாக நெஞ்சில் பதியும்படி காட்டிய பெருமை அந்த நூலுக்கே உரியது என்பது என் துணிபு.

சுதந்திரத்துக்குப் பின் 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் நிறுவப்பட்டதும், ஆவணப்படம் என்பது அரசாங்கத்தின் குரலாகிவிட்டது. மயிலாப்பூர் காமதேனுவிலோ, தியாகராயநகர் பாண்டி பஜாரின் ராஜகுமாரியிலோ மாலைக் காட்சிக்குப் போனவர், பெரிய படம் தொடங்குமுன் கறுப்பு வெள்ளையில் ஓர் அணைக்கட்டையோ வெள்ள நிவாரணத்தையோ காண்பார். கம்பீரமான ஒரு குரலைக் கேட்பார். அதை எடுத்தவரின் பெயரை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ள மாட்டார். அந்தப் பெயரற்ற நிலையிலிருந்து வெளிவந்து, சென்னையிலிருந்தே உலகப் பார்வையாளருக்குப் படமெடுத்தவர், இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் புதல்வர் எஸ். கிருஷ்ணசுவாமி. எரிக் பார்னோவுடன் சேர்ந்து 1963இல் 'இந்தியன் பிலிம்' என்ற சரித்திர நூலை எழுதியவரும், நான்கு மணி நேரம் ஓடும் 'இண்டஸ் வேலி டு இந்திரா காந்தி' என்ற படத்தைச் செய்தவரும் அவரே. 2009இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

படக்காரரே படத்துக்குப் பொருளாவதற்குச் சென்னையில் சிறந்த உதாரணம், அயல்நாட்டார் ஒருவரைப் பற்றியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலிருந்து 1935இல் இந்தியா வந்த எல்லிஸ் ஆர். டங்கன், தமிழில் ஒரு சொல்லும் பேசத் தெரியாமலே 'சதி லீலாவதி' (1936), 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945), 'மந்திரி குமாரி' (1950) முதலிய படங்களை இயக்கினார். போர்க்காலத்தில் சென்னை அரசாங்கத்துக்காகச் செய்திப்படங்கள் எடுத்ததும், தாய்நாடு திரும்பிய பின் ஆவணப்படங்களையே பிழைப்பாகக் கொண்டதும் பலர் அறியாத செய்திகள். கரண் பாலி 2013இல் எடுத்த 'அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்' என்ற ஆவணப்படம் அவரது வாழ்க்கையைச் சொல்கிறது. மொழி தெரியாத ஊரில் முகபாவத்தையும் காமிராக் கோணத்தையும் மட்டுமே நம்பி வேலை செய்த ஒருவரை, அவர் காலமாகி (2001) பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் அன்போடு நினைத்துப் படமெடுத்தது போற்றுதற்குரியது.

பிறர் எடுக்கும்வரை காத்திராமல், தம்மையே பொருளாக்கிக்கொண்டவர் ஆர். வி. ரமணி. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, சென்னையை இருப்பிடமாகக் கொண்டு, தோற்பாவைக் கூத்தர் முதலிய கலைஞரைப் படமாக்கியவர் அவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி கடல் பொங்கியெழுந்தபோது, பதிவு செய்துகொண்டிருந்த அவரது கேமரா நீரில் அழிந்தது. அதை ஒரு பொருளின் நஷ்டமாக எண்ணாமல், பல ஆண்டுகள் தம்முடன் கண்ணாக இருந்த ஒரு தோழனின் மரணமாகவே கருதி, 2011இல் 'மை கேமரா அண்ட் சுனாமி' என்ற படத்தை அவர் எடுத்தார். காட்சி எப்படி அழிகிறது, அழிந்த பின் நினைவில் எப்படித் தங்குகிறது என்று அந்தப் படம் தேடிச் செல்கிறது. செட்டியார் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த தகரப் பெட்டிகளையும், கடல் கொண்டுபோன இந்தக் கேமராவையும் சேர்த்து நினைக்கும்போது, இத்தொழிலில் கைக்கு வருவதைவிடக் கைநழுவுவதே அதிகம் என்று தோன்றுகிறது.

அதே 2011இல், ஆவணப்படக்காரர் தமிழ்க் கதைப்படத்திலும் தம் சொந்தப் பெயரோடு வந்து நின்றார். லீனா மணிமேகலையின் 'செங்கடல்' தனுஷ்கோடிக் கரையில் நிகழ்வது. இலங்கைக் கடற்படையால் அலைக்கழிக்கப்படும் மீனவரும், போரில் சிதறி வந்த அகதிகளும் அதன் மாந்தர்; அவர்களைப் பதிவு செய்ய வரும் மணிமேகலை என்ற படக்காரியாக இயக்குநரே நடித்தார். திரைக்கதையில் பங்குகொண்ட எழுத்தாளர் ஷோபாசக்தி அகதியாகத் தோன்றினார். சென்னைத் தணிக்கை அலுவலகம் சான்றிதழ் மறுத்தது. டெல்லியில் அப்போதிருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பின்னர் அனுமதித்தது. படத்தினுள் படக்காரிக்கு அதிகாரம் தரும் இடையூறுகளைக் காட்டிய படமே, படத்துக்கு வெளியிலும் இடையூறுபட்டது. இதனால் அப்பாத்திரம் வெறும் கற்பனையன்று என்பது எல்லோருக்கும் விளங்கிற்று.

ஹிந்தியில் 'ரங் தே பசந்தி' (2006) படத்தில் வரும் சூ என்ற ஆங்கிலப் பெண்ணும் ஆவணப்படக்காரியே. தன் பாட்டனாரின் நாட்குறிப்பை வைத்துக்கொண்டு புரட்சி வீரர்களின் கதையைப் படமாக்க வருபவள். ஆனால் அங்கே அவள் பிறரை விழிப்பூட்டும் கருவியாகவே நின்றுவிடுகிறாள். இந்தப் பாத்திரத்தை இன்னும் ஆழமாகக் கண்டவர் கார்த்திக் சுப்பராஜ் என்பேன். 2014இல் வந்த 'ஜிகர்தண்டா'வில் மதுரைத் தாதா ஒருவனை ஒளிந்திருந்து கவனிக்கும் இளம் இயக்குநனைக் காட்டிய அவர், 2023 நவம்பரில் வெளியான 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' படத்தில், சத்யஜித் ராயின் சீடன் என்று பொய் சொல்லி, கொலை செய்யும் நோக்கத்தோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும் ஒருவனைப் படைத்தார். எஸ். ஜே. சூர்யா நடித்த அந்தப் போலி இயக்குநன், மலைக்காட்டில் பழங்குடி மக்களுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கண்ணால் கண்ட பின், வேஷத்துக்காக எடுத்த கேமராவை உண்மைக்காக இயக்கத் தொடங்குகிறான். அவன் பதிந்த படுகொலைக் காட்சி கொட்டகையில் திரையிடப்படும் இடத்தில், கேளிக்கை காண வந்த கூட்டம் சாட்சிகளாக மாறிவிடுகிறது.

செட்டியாரின் கதைக்குப் பிற்காலத்தில் ஓர் அத்தியாயம் சேர்ந்தது. அவருடைய நூலைப் பதிப்பித்த ஆ. இரா. வேங்கடாசலபதி, அந்தப் படமே எங்குள்ளது என்று தேடலானார். செட்டியாரின் ஊரான அதே கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்கள், அடையாற்றை அடுத்த தரமணி நூலகத்தில் இன்று ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன. எழுத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது, படச்சுருளுக்கு வாய்க்கவில்லை. நெடுந்தேடலின் முடிவில் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. அது 1953இன் ஆங்கில வடிவம். பட்டம்மாளின் குரலோடு 1940இல் சென்னை மக்கள் பார்த்த தமிழ் வடிவம் அன்று.